ஒரு மாதிரி

பல்லக்கா ஒரு மாதிரி என்பதில் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் தோணலை என்பாள். காதலில் ஏமாந்தேன், தம்பியைக் கரையேற்ற வேண்டியிருந்தது என்று எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால் மனிதர்கள் ஐயோ பாவம் என்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். தோணலை என்பதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கடையில் ரொட்டியைப் பாதியாக வெட்டித் தரச் சொல்லி வாங்குவாள். படிக்கட்டில் யாராவது சிரித்தால் சிரிப்பாள், ஆனால் நின்று பேச மாட்டாள்.

அவளுடைய தொழில் பல் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அவள் வேலை பார்க்கும் கூடத்துக்கு வரும். அதில் பிளாஸ்டரை ஊற்றி அந்த வாயின் நகலை எடுப்பாள். தொழிலில் அதற்கு மாதிரி என்று பெயர். மாதிரியின் மேல் மெழுகால் பல்லைச் செதுக்கி, பிறகு பீங்கானில் சுட்டெடுப்பாள். அதனால்தான் கட்டடத்துப் பிள்ளைகள் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தார்கள். பல்லக்கு வருது, தூக்க ஆள் எங்கே என்று ஒரு வாலு கேட்டபோது அவளே சிரித்துவிட்டாள். மாதிரி செய்யறவ ஒரு மாதிரியாத்தானே இருப்பா என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அடித்த ஜோக் எல்லா மாடிகளையும் சுற்றிவிட்டு அவள் காதுக்கும் வந்தது. அதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு மாதிரியாக இருந்தாலும் வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் ஒழுங்காகக் கொடுத்தாள். அந்த அளவுக்கு அவளைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அவள் வீட்டுக்கு நேர் மேலே மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரைப் பிடிக்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. மூன்றாம் மாடிப் பெரியவருக்குச் சர்க்கரை ஊசி மருந்து தீர்ந்துபோனால் தானே கொண்டுவந்து கதவைத் தட்டிக் கொடுப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் செய்தால் மூடின கடையைத் திறப்பார். லிஃப்ட் நின்றுபோனால் பழுது பார்க்கிற ஆளைக் கையோடு கூட்டிவந்து, வேலை முடிகிறவரை பக்கத்திலேயே நிற்பார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை அரை நாள். சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து மேல்வீட்டில் நாற்காலி இழுபடும். பிறகு அவர் குரல் கேட்கும். அதட்டல் இல்லை, மந்தமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். அதற்கப்புறம் அடி விழும். கையா, வேறெதுவுமா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் அதை வேறு சத்தம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெண் கத்த மாட்டாள். தாங்க முடியாமல் போகும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தில் தொலைக்காட்சிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக ஏறும். முதலில் பல்லக்காவின் எதிர்வீட்டு டீச்சர் ஏற்றுவாள், பிறகு பக்கத்து வீடு, பிறகு மாடிக்கு மாடி. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்ததில்லை. பல்லக்காவிடம் தொலைக்காட்சி இல்லாததால் அவள் ரேடியோவைத் திருகுவாள். அவளையும் பெரிய உத்தமி என்று சொல்வதற்கில்லை. குடிவந்த நாளிலிருந்து அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு முதலில் வந்தது இரக்கம்கூட அல்ல, எரிச்சல். வாரத்தில் ஒரு மத்தியானம்தான் கண்ணை மூடலாம், அதிலும் மண் விழுந்ததே என்ற எரிச்சல்.

மறுநாள் படிக்கட்டில் டீச்சர் குரலைத் தாழ்த்தி, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம் என்பாள். அந்த பாத்ரூமுக்கு நல்ல தரை போடக் கூடாதா என்று பல்லக்கா கேட்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம் அந்தப் பொண்ணு என்று டீச்சர் பெருமூச்சு விடுவாள். பாவப்படுவதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் அந்தப் பெருமூச்சிலேயே இருக்கும். அவருக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், மத்தபடி ஒரு கெட்ட பழக்கம் உண்டா சொல்லுங்கள் என்று கீழ்வீட்டு அம்மாள் சேர்ந்துகொள்வாள். என்ன இருந்தாலும் வலி மாத்திரைக்குப் பஞ்சமில்லாத வீடு என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள்.

ஒரு வாரநாள் காலை, பல்லக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். வாயைத் துண்டால் பொத்தியிருந்தாள். துண்டை எடுத்தபோது மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது. குழாய் மேல் விழுந்துவிட்டேன் என்றாள். டாக்டரிடம் போனால் எப்படி என்று கேட்பார்கள், நீங்களே ஒரு பல் செய்து தர முடியுமா என்று கேட்டாள். பல்லை நான் செய்யலாம், மாட்டுவது டாக்டர்தான் என்று பல்லக்கா சொன்னாள். கேள்வி கேட்காத ஒரு டாக்டர் அவளுக்குப் பழக்கம். அங்கே அவளே கூட்டிப்போனாள். திரும்பி வந்து, பல் நிறங்களைக் கோத்து வைத்த பட்டையை எடுத்து, அந்தப் பெண்ணை ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நிறமாக உதட்டோரம் வைத்துப் பார்த்தாள். உடையாத மற்ற முன்பல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. புதுப் பல்லையும் அதே மாதிரி துளி சாய்த்துச் செய்தாள். நேராகச் செய்தால் அழகாக இருக்கும், ஆனால் அந்த முகத்தில் பொய்யாகத் தெரியும்.

பல் மாட்டின அன்று அந்தப் பெண் கண்ணாடியை வாங்கிப் பார்த்து, பல்லை நாக்கால் தடவிப் பார்த்து, சிரித்தாள். சிரிக்கத் தெரிந்த பெண்தான் என்று பல்லக்கா நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து டீ போட்டுக் கொடுத்தாள். பாதி டீயில் அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ஞாயித்துக்கிழமை ரேடியோவ அவ்வளவு சத்தமா வைக்காதீங்க."

பல்லக்காவுக்குப் புரியவில்லை. உனக்குத் தொந்தரவா என்று கேட்டாள்.

"இல்லக்கா. நீங்க சத்தத்த கூட்டினா, உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுது."

அவ்வளவு சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு அவள் மேலே போனாள். பல்லக்காவுக்கு அன்று வேலை ஓடவில்லை. ஒரு பல்லைப் பல் சுடும் அடுப்பில் அதிக நேரம் விட்டு வெடிக்க வைத்தாள். அவள் கையில் அப்படி நடந்து வருஷக்கணக்காகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலே நாற்காலி இழுபட்டதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடியேறினாள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் நின்றது. மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். சட்டை கசங்கியிருக்கவில்லை, நெற்றியில் மட்டும் வேர்வை. வாங்கக்கா, தண்ணி வரலையா என்று கேட்டார்.

"அவங்கள அடிக்காதீங்க" என்றாள் பல்லக்கா.

அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். கோபம் வரவில்லை. புரியாத மொழியில் யாரோ வழி கேட்டதுபோல ஒரு பார்வை. உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டுவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார். அன்று அதற்கு மேல் சத்தம் இல்லை. அடுத்த வாரமும் போய்த் தட்டினாள், அப்போதும் நின்றது. அதற்கடுத்த வாரம் கதவு திறக்கவில்லை, சத்தமும் நிற்கவில்லை. பல்லக்கா மாடிப்படியிலேயே நின்று போலீசுக்குப் போன் செய்தாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மேலே போய்க் கதவைத் தட்டிய நேரத்தில் கட்டடத்தில் ஒரு தொலைக்காட்சிகூட ஓடவில்லை. எல்லாக் கதவுகளும் ஒரு விரற்கடை திறந்திருந்தன. போலீஸ்காரர்கள் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூத்தவர் தன் மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளியே வந்ததும் பல்லக்காவின் கதவருகே நின்றார்.

"நீங்க தனியாவா இருக்கீங்க?"

ஆமாம் என்றாள்.

"கூடமாட யாரையாவது வச்சுக்கோங்கம்மா. தனியா இருந்தா மனசு எதையாவது கற்பனை பண்ணும்."

வாசலில் போலீஸ் ஜீப் நின்றதுதான் அந்தக் கட்டடத்தின் தலையில் விழுந்த இடி. இத்தனை வருஷமாக ஞாயிறு தவறாமல் நடந்தது யாருடைய மானத்தையும் வாங்கவில்லை, ஜீப் வாங்கிவிட்டது. மறுநாள் படிக்கட்டில் டீச்சர் அவளைக் கண்டதும் மறந்துபோன எதையோ எடுக்கப்போவதுபோலத் திரும்பி வீட்டுக்குள் போனாள். கீழ்வீட்டு அம்மாள் தன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, பல்லக்கா வீட்டுப் பக்கம் விளையாட வேண்டாம் என்று சொன்னது நன்றாகவே கேட்டது. அந்த வாரக் கடைசியில் சங்கம் கூட்டம் போட்டது. கட்டடத்தின் அமைதி பற்றிப் பேசுவதற்கென்று சொன்னார்கள்.

கீழ்த்தளத்துப் பொது அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பல்லக்காவின் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. செயலாளர், ஓய்வுபெற்ற வரி அதிகாரி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கண்ணியமான குடும்பங்கள் வாழ்கிற இடம் என்றார். ஓய்வு நாளில் அடுத்தவர் கதவைப் போய்த் தட்டுவது என்ன பழக்கம் என்றார். மூன்றாம் மாடிப் பெரியவர், ஜீப்பைப் பார்த்ததும் தனக்குப் படபடப்பு வந்துவிட்டதாகவும், அப்போதும் மருந்துக்கடைக்காரர்தான் ஓடிவந்து மாத்திரை கொடுத்ததாகவும் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், குடும்பம் நடத்தியவர்களுக்கு அது தெரியும் என்று கீழ்வீட்டு அம்மாள் சொன்னாள். குடும்பம் நடத்தாதவள் யார் என்பதை யாரும் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பல்லக்கா எழுந்தாள்.

"நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க யாருக்கும் அந்தச் சத்தம் கேட்டதே இல்லையா?"

அவள் டீச்சரைப் பார்த்து, நீங்க சொல்லுங்க டீச்சர், உங்களுக்குமா கேக்கல என்றாள். டீச்சர் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்க வீட்ல டிவி ஓடிட்டு இருந்தது" என்றாள்.

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையாயிற்று. அதுவரை இரண்டு மனமாக இருந்தவர்களும் அதோடு ஒரு மனமானார்கள். எதுக்கு சிரிக்கறா பாருங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சலசலப்பை அடக்கக் கையை உயர்த்திய செயலாளர், சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று மேல்வீட்டுப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள். நான் குளியலறையில் தடுக்கி விழுந்தேன், எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றாள். கணவர் அவள் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார். அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"அக்கா நல்லவங்கதான். தனியா இருந்து இருந்து அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. எப்பவும் எங்க வீட்டையே ஒட்டுக் கேட்டுட்டு இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

பேசும்போது உதட்டுக்கு நடுவே அந்தச் சாய்ந்த பல் தெரிந்து தெரிந்து மறைந்தது. நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. எது பிறவிப் பல், எது செய்த பல் என்று செய்தவளுக்கே சட்டென்று தெரியவில்லை. பல்லக்கா உட்கார்ந்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர்தான் கடைசியாகப் பேசினார். அக்காவை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தனியாக இருப்பவர்கள், நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும், அவர்களும் நம் கட்டடத்து மனுஷிதானே என்றார். கீழ்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன மனசு பாருங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பல்லக்காவின் குடும்பத்தாரிடம் பேசுவது என்று எல்லோரும் கைதூக்கி முடிவு செய்தார்கள்.

குடும்பம் என்பது தம்பி ஒருவன்தான். செயலாளர் போன் செய்த மறுநாளே மனைவியோடு வந்து நின்றான். அக்காவின் சமையலறையைத் திறந்து பார்த்தான், படுக்கையறையைப் பார்த்தான். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அது அவனுக்குக் கூடுதல் கவலையைக் கொடுத்தது.

"ஊரோட ஒத்துப் போகணும்க்கா. அத்தனை பேரும் ஒண்ணு சொல்றாங்க, நீ ஒருத்தி வேற சொல்ற. யார நம்புவாங்க?"

"நீ யார நம்பற?"

ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம், எனக்காக வா என்றான். சின்ன வயதில் அவனை இடுப்பில் சுமந்தவள், அவன் எனக்காக என்று சொன்னதும் கிளம்பினாள். சண்டை போடத் தெம்பு இல்லை என்பதும் உண்மை.

டாக்டர் இளைஞர், மரியாதையானவர். எதிரே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரித்துக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம் ஏதாவது உங்களுக்குக் கேக்குதாம்மா?"

"எல்லாருக்கும் கேக்குது டாக்டர்."

"அப்படீன்னு உங்களுக்குத் தோணுதா?"

பல்லக்கா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். தோணுது என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. தம்பி மனைவி பரிவோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மாத்திரை எழுதினார். திரும்பும் வழியில் தம்பி தெருமுனைக் கடையிலேயே வாங்கினான். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிப் போட்டு, காலை, இரவு என்று உறையில் எழுதி, இது கொஞ்சம் அசதியாக இருக்கும், வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள் என்று சொன்னார். விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன்க்கா, அவரைப் போய் என்று தம்பி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவள் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டினாள். ஆனால் அவை அவளுக்கு எழுதப்பட்டவை என்பதைக் கொட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் மாத்திரை சாப்பிடுகிறவள் சொன்ன சொல் ஆயிற்று. தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று காவலாளியிடம் சொன்னால்கூட, சரிங்கம்மா, சரிங்கம்மா என்று குழந்தையைத் தேற்றுகிற குரலில் பதில் வந்தது. இரண்டு ஞாயிறு அவள் தன் வீட்டுக் கூடத்தில் ரேடியோ போடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டாள். எழுந்து போகவில்லை. போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் இரண்டு அடி கூட விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நியாயமா, பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வந்து, மகன் வெளியூரிலிருந்து வருவதால் வீடு வேண்டும் என்றார். அவருக்கு மகள்தான் இருக்கிறாள் என்று பல்லக்காவுக்குத் தெரியும். சரி என்றாள்.

வேலைக்கூடத்துக்குப் பக்கத்தில், டயர் கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறை கிடைத்தது. சுற்றிலும் வீடுகள் இல்லை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம், சாயங்காலம் கடையை மூடிவிட்டால் ஈ காக்கை இல்லை. கட்டடத்தை விட்டுக் கிளம்பின அன்று யாரும் வழியனுப்ப வரவில்லை. டீச்சர் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து, உடம்பைப் பார்த்துக்கோங்க என்றாள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். வேலை முடிந்து பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மேல்வீட்டுப் பெண். பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பல்லக்காவுக்குப் புரிந்தது. இரண்டு நிறுத்தம்வரை இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"நீங்க அந்தக் கட்டடத்த விட்டுப் போயிடலாம்க்கா. நான் அங்கதானே இருக்கணும்" என்றாள் அந்தப் பெண். கூட்டத்தில் சொன்னதற்கு அதுதான் விளக்கம் போலும்.

தெரியும் என்றாள் பல்லக்கா. தெரியும் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. கோபம் எங்கேயோ அடியில் கிடந்தது, ஆனால் அதைத் தூக்கி இவள் மேல் போட மனம் வரவில்லை. இப்போது எப்படி என்று கேட்டாள்.

"இப்ப கட்டடத்துல ரொம்ப அமைதி. அவரு சத்தம் வராம அடிக்கப் பழகிட்டாரு."

கடைக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிற பழக்கமும் அவருக்கு வந்திருக்கிறது, இன்று மூன்றாம் மாடிப் பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதால் துணைக்குப் போகச் சொல்லி அவரே அனுப்பினார் என்றாள். அடுத்தவருக்கு ஒன்றென்றால் அவருக்குப் பொறுக்காது என்று சொன்னபோது அவள் குரலில் கிண்டல் இருந்ததா என்று பல்லக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் இப்ப இருக்கற இடம்..." என்று பல்லக்கா ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் சட்டென்று அவள் கையை அழுத்தினாள்.

"சொல்லாதீங்கக்கா. தெரிஞ்சா வந்துடுவேன்."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். பல்லக்காவும் எழுந்து, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, பெரிய சாலையில் டயர் கடை, அதுக்கு மேல மாடி, பச்சைக் கதவு என்று கத்திச் சொன்னாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது. முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெண் திரும்பாமல் இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் பல்லக்கா பச்சைக் கதவை உள்ளே தாழ் போடுவதில்லை. திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று தம்பி சத்தம் போட்டான். அக்காவுக்கு மாத்திரை போதவில்லையோ என்று மனைவியிடம் தனியாகச் சொல்லிக் கவலைப்பட்டான். அந்தப் பெண் வரவில்லை.